கரிசலாங்கண்ணி: பாட்டில், பொடி, கட்டு, தொட்டி என நாலையும் வாங்கிப் பார்த்தாச்சு

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் ஒரு வாரம் படுக்கப் போட்டுவிட்டுத்தான் போனது. அது போய், தீபாவளி போய், பொங்கலும் முடிந்த பிறகு, தை பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் பார்த்தால், குளியலறை ஜல்லடை மேல் பூனைக்குட்டி சுருண்டு படுத்திருக்கிற மாதிரி முடிப்பந்து. எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கையாந்தரை எண்ணெய் காய்ச்சித் தேயேன்டி. வாய்க்கா ஓரம் பூரா கெடக்கு."

அம்மா இருப்பது திருவையாறு பக்கம், அவளுக்கு வாய்க்கால் இருக்கிறது. நான் இருப்பது திருச்சியில் மூன்றாவது மாடி. கையாந்தரை என்று அம்மா சொல்வது கரிசலாங்கண்ணியைத்தான். கையாந்தகரை என்பதுதான் வாயில் தேய்ந்து கையாந்தரை ஆகிவிட்டது. ஆயுர்வேதக்காரர்கள் பிருங்கராஜம் என்பார்கள், தாவரவியல் பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. வயல் வரப்பிலும் மோட்டார் கொட்டகை ஓரத்திலும் சொரசொரப்பான இலையோடு, சட்டை பட்டன் அளவுக்கு வெள்ளைப் பூ பூத்துக்கொண்டு, யாரும் விதைக்காமலேயே முளைக்கிற செடி. அதைக் காசு கொடுத்து வாங்கக் கிளம்பிய கதைதான் இது. எட்டு மாதத்தில் பாட்டில் எண்ணெய், பாக்கெட் பொடி, சந்தைக் கீரை, தொட்டிச் செடி என்று நான்கு விதமாக வாங்கியாயிற்று. வாங்கின வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பாட்டில். ஆன்லைனில் ஆர்டர் போட்டேன், பெயர் வேண்டாம், இந்த மாதிரி இருபது கம்பெனி இருக்கிறது. 200 மில்லி, முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். அட்டைப்பெட்டியில் இடுப்பு வரை முடி உள்ள பெண், பின்னால் ஓலைச்சுவடி, உரல், உலக்கை. எண்ணெய் பச்சைப் பசேலென்று, ரோஸ்மில்க் கடையில் வைத்திருக்கிற பச்சை சிரப் மாதிரி இருந்தது, வாசனையும் மல்லிகைப்பூ. கரிசலாங்கண்ணிக்கு மல்லிகை வாசனை எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மூன்று வாரம் தேய்த்த பிறகு ஒருநாள் மகன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "அம்மா, லிக்விட் பாரஃபின்னா என்ன?" என்றான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பொருட்கள் பட்டியலில் முதல் பெயரே அதுதான். லிக்விட் பாரஃபின் என்றால் மினரல் ஆயில், பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுப்பது. அதற்கப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அப்புறம் மூலிகைகள், கடைசியில் நிறமும் வாசனையும். அரை ஸ்பூன் கூடத் தேறாத கரிசலாங்கண்ணிக்குத்தான் அட்டையில் அவ்வளவு பெரிய எழுத்து. மினரல் ஆயில் விஷமொன்றும் இல்லை, தலைமுடிக்கு மேலே வழுவழுவென்று ஒரு பூச்சு கொடுக்கும், சிக்கு எடுக்கச் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடித்தண்டுக்குள் இறங்கும், மற்ற இரண்டுக்கும் அந்தத் திறமை போதவில்லை. நம் பாட்டிகள் சும்மா ஒன்றும் தேங்காய் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளவில்லை.

உங்களிடமும் அப்படி ஒரு பாட்டில் இருந்து, பின்பக்க எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால், ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது என்று போட்டிருக்கிற எண்ணெய், 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிட வேண்டும். என்னுடையது இரண்டு நாள் கழித்தும் தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது. (நல்லெண்ணெயில் காய்ச்சினதும் உறையாது, அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

அடுத்தது பொடி. கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக்கடை, பழைய கடைதான், மரப்பெட்டியும் தராசுமாகப் பார்க்கவே நம்பிக்கையாக இருக்கும். நூறு கிராம் பாக்கெட். பிரித்தால் காக்கிச் சட்டை நிறத்தில் வைக்கோல் வாசனை. தயிரில் குழைத்துத் தலையில் போட்டேன், அலசும்போது விரலில் நறநறவென்று மணல். இந்தச் செடி தரையோடு படர்வது, சேற்றில் வளர்வது, வேரோடு பிடுங்கி அலசாமல் காயவைத்து அரைத்தால் மணல் வரத்தான் செய்யும். தலையில் போட்டதால் போயிற்று, இதைத்தான் சிலர் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். சரி.

பொடியில் இருக்கிற பெரிய சங்கடமே, உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான். பச்சை இலை என்றால் ஏமாற்ற முடியாது. ஒரு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். முதலில் பச்சைச் சாறுதான் வரும், ஒரு நிமிஷம் பொறுத்தால் அது கண்ணெதிரே கறுக்கும். காற்றுப் பட்டதும் கறுக்கிற சாறு அது. அந்தக் காலத்தில் பச்சை குத்துவதற்கு இந்தச் சாற்றைத்தான் சேர்ப்பார்கள். எங்கள் பாட்டி கண்மையும் இதில்தான் செய்வாள். வெள்ளை மல்துணியைச் சாற்றில் முக்கி நிழலில் உலர்த்தி, மறுபடி முக்கி மறுபடி உலர்த்தி, அதைத் திரியாக்கி விளக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரி படிந்திருக்கும், அதை வழித்துத்தான் மை. (இப்போது குழந்தைக்குக் கண்ணுக்குள் மை வைக்காதீர்கள், எந்தக் கண் டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

பொடி வெறுத்துப்போய்த்தான் தென்னூர் உழவர் சந்தைக்குப் போனேன். கீரைக்காரப் பாட்டியிடம் கரிசலாங்கண்ணி இருக்கிறதா என்றால் தினமும் இருக்காது, முதல் நாள் சொல்லிவிட்டு வந்தால் மறுநாள் கொண்டுவருவார். "எண்ணெய்க்கா, பொரியலுக்கா?" என்று கேட்டார். எண்ணெய்க்கு என்றதும், "அப்ப பூ வெச்சதா எடுத்துக்க, கடையறதுக்குன்னா எளசா தாரேன்" என்று தனியாக ஒரு கூறு எடுத்தார். நான் பார்த்த எந்தப் பாக்கெட்டிலும் இந்த அக்கறை இல்லை. ஆறு கட்டு, கட்டு இருபது ரூபாய்.

எண்ணெய் காய்ச்சினதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல் தடவை சொதப்பினதால். வேரை நறுக்கிவிட்டு நாலு தண்ணீர் அலசி, வடிய வைத்து, தண்டும் இலையுமாக மிக்சியில் அடித்து, துணியில் போட்டுப் பிழிந்தேன். தண்ணீர் கூடுமானவரை சேர்க்காமல் கிட்டத்தட்ட அரை லிட்டர் சாறு கிடைத்தது. கையும் நகக்கண்ணும் கறுத்துப்போய், மறுநாள் ஆபீஸில் "என்ன மேடம், கள்ள ஓட்டா?" என்று கேட்டார்கள். இரண்டு நாளைக்குப் போகவில்லை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அரை லிட்டர் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய், அரை லிட்டர் சாறு, இரும்புச் சட்டி, சிறு தீ. முதல் அரைமணி நேரம் பாயசம் மாதிரி கொதிக்கும், நுரை பொங்கும், சட்டி சின்னது என்றால் அடுப்பெல்லாம் வழியும். அப்புறம் சடசடவென்று ஒரு சத்தம் வர ஆரம்பிக்கும், எண்ணெய்க்குள் இருக்கிற தண்ணீர் வெளியேறுகிற சத்தம். அந்தச் சத்தம் எப்போது அடங்குகிறது என்பதுதான் கணக்கு. நான் முதல் தடவை, பச்சை நிறம் நன்றாக இறங்கிவிட்டதே, இதற்கு மேல் காய்ந்தால் சத்து போய்விடுமே என்று பாதியில் இறக்கிவிட்டேன். பத்தாம் நாள் பாட்டிலின் அடியில் வெள்ளைப் பாசி, திறந்தால் ஊசல் வாடை. அரை லிட்டர் செக்கெண்ணெயும் சாக்கடைக்கு.

இரண்டாவது தடவை அம்மா வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டாள். "அந்த மண்டியக் கொஞ்சம் எடு. வெரல்ல உருட்டு. உருளுதா?" மண்டி என்றால் சட்டி அடியில் தங்குகிற சாற்றுக் கசடு. உருண்டது, மெழுகு மாதிரி. அதுதான் மெழுகுப் பதம். இன்னும் கொஞ்சம் விட்டால் திரிதிரியாக உதிர்ந்து கடுகுப் பதம், அதற்கும் மேலே விட்டால் மணல் பதம். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை எந்தப் பதத்தில் இறக்குவது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு, எங்கள் வீட்டில் மெழுகு தாண்டிக் கடுகு தொடும்போது. அப்புறம் அம்மா இன்னொன்றும் சொன்னாள், மண்டியைத் திரியில் துளி தடவிக் கொளுத்திப் பார், பொரியாமல் எரிந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எரிந்தது, பொரியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆறவைத்து வடிகட்டினால் கரும்பச்சை எண்ணெய், வெளிச்சத்தில் பிடித்தால்தான் பச்சை தெரியும். வாசனை மல்லிகையெல்லாம் இல்லை, மழை பெய்த வயலில் கதிர் அறுத்த மாதிரி ஒரு பச்சை வாடை. தலையணை உறை பச்சையாகும், பழையதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு என்று பார்த்தால் கீரை நூற்றிருபது, எண்ணெய் இருநூற்று ஐம்பதுக்குப் பக்கம், அரை லிட்டருக்கு. பாட்டிலை விடப் பாதிக்கும் குறைவு. முதல் தடவை கொட்டினதைச் சேர்க்காமல்.

முடி வளர்ந்ததா என்றுதானே கேட்கிறீர்கள். கொட்டுவது நின்றது. சித்திரை பிறக்கும்போது பாதியாகி, வைகாசியில் பழைய கணக்குக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தப் புகழை முழுக்க எண்ணெய்க்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நடுவில் அரசு மருத்துவமனை சித்தா பிரிவுக்கும் போயிருந்தேன். அந்த டாக்டரம்மா எண்ணெயைப் பற்றிப் பேசும் முன்னால், நான்கு மாதத்துக்குள் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் ஏதாவது உண்டா என்றுதான் கேட்டார். பெரிய காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுமாம், அது இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும், பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நிற்கும். என்னுடைய ஐப்பசிக்கும் தைக்கும் கணக்குச் சரியாக இருந்தது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8, அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்பித்தார். ஆக எண்ணெய் தேய்க்காமல் இருந்தாலும் கொட்டுவது நின்றிருக்கும். தையில் தேய்க்க ஆரம்பித்து வைகாசியில் நின்றால் எந்த எண்ணெயும் அமுதமாகத்தான் தெரியும், அந்த மல்லிகைப் பாட்டிலையே தொடர்ந்திருந்தால் அதற்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேனோ என்னவோ. ஆன்லைனில் கிடக்கிற "மூன்றே மாதத்தில் முடி கொட்டுவது நின்றது" கமெண்ட்டுகளில் எத்தனை பேர் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் என்று இப்போது யோசனை ஓடுகிறது. ஆரோக்கியமான தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும், வளர்ச்சியோ மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான்.

எண்ணெயால் நிச்சயமாகக் கிடைத்தது என்று நான் சொல்வது வேறு. முடி நுனி பிளவு குறைந்தது, சீப்பு சிக்காமல் இறங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை தேய்த்து ஒருமணி நேரம் ஊறிக் குளித்தால் மத்தியானம் நல்ல தூக்கம். நரை? ஒரு முடி கூடக் கறுக்கவில்லை. சாறு கையைக் கறுப்பாக்குகிறதே, தலையைக் கறுப்பாக்காதா என்று நானும் ஆசைப்பட்டேன், ஆனால் நரைத்து வெளியே வந்துவிட்ட முடிக்கு எண்ணெய் தடவி நிறம் திரும்ப வராது.

என் வீட்டுக்காரர் கதை தனி. அவருக்கு உச்சியில் அவர் அப்பாவின் வழுக்கை, அச்சு அசலாக அதே வட்டம். "உனக்கு நின்னுச்சுல்ல, எனக்கும் குடு" என்று நான்கு மாதம் விடாமல் தேய்த்தார். வட்டம் பளபளப்பானதுதான் மிச்சம். அவருக்குத் தைரியம் கொடுத்தது 2008ல் வந்த ஓர் ஆய்வு, எலிகளின் முதுகை மழித்துக் கரிசலாங்கண்ணியிலிருந்து எடுத்த சாரத்தைத் தடவினால் முடி சீக்கிரம் முளைத்தது என்று. உண்மையான ஆய்வுதான். ஆனால் மழித்த எலிக்கு வேர் பத்திரமாக இருக்கிறது, பரம்பரை வழுக்கையில் ஹார்மோன் பட்டு வேரே சுருங்கிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒன்றா? இதைச் சொன்னால் முறைக்கிறார்.

உள்ளுக்குச் சாப்பிடுவதற்கு வருகிறேன். வடலூர் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கீரையின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளலார் அன்றாட ஒழுக்கம் சொல்லும்போது, கரிசலாங்கண்ணித் தூளால் பல் துலக்கச் சொல்லி, அப்புறம் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த சூரணத்தைப் பசும்பாலில் காய்ச்சி நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் வழி நடக்கிற சன்மார்க்கத்துக்காரர்கள் பலர் வீட்டில் காபிக்குப் பதில் இன்றைக்கும் இதுதான். நான் ஒரு மாதம் குடித்தேன். மண்ணும் லேசான கசப்பும் கலந்த ருசி, சீரகம் காப்பாற்றுகிறது. முதல் இரண்டு நாள் வயிறு இளகினது, அப்புறம் பழகிவிட்டது. உடம்பில் மாற்றம் என்று கேட்டால், மலச்சிக்கல் போனது, காலை இரண்டாவது காபி நின்றது, அதற்கு மேல் கதை விட மாட்டேன். எனக்குப் பிடித்தது பாசிப்பருப்போடு கடைவதுதான், பூண்டு நாலு பல் கூடுதலாகத் தட்டிப்போட்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியோடு இதையும் அரைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம், ஆனால் காமாலை என்று தெரிந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் கேட்காமல் சூரணம் ஆரம்பிக்க வேண்டாம். சாக்கடை ஓரம் தளதளவென்று முளைத்திருப்பதைப் பறிக்கவே கூடாது, தண்ணீரில் இருப்பதையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்கிற செடி.

வள்ளலார் முதலில் சொல்வது பொற்றலைக் கையாந்தகரையை, அதாவது மஞ்சள் பூ பூக்கிற கரிசலாங்கண்ணியை. சாப்பிட மஞ்சள், தலைக்கு வெள்ளை என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சும் உண்டு. அதைத் தேடி ஒரு நர்சரிக்குப் போனேன். "மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஒரிஜினல்" என்று அறுபது ரூபாய்க்கு ஒரு பையைக் கொடுத்தார்கள். பத்து நாளில் தொட்டியை மூடிக்கொண்டு சூரியகாந்திக் குட்டி மாதிரி அழகழகாகப் பூ. அம்மா ஊரிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டு, "இது ரோட்டு நடுவுல வெச்சிருப்பானே, அதுடி" என்றாள். அதேதான். அலங்காரத்துக்கு வைக்கிற அமெரிக்கப் படர்கொடி, வெடிலியா டிரைலோபேட்டா. அதன் இலை கோழிக்கால் மாதிரி மூன்றாகப் பிளந்து நிற்கும், தடிமனாகப் பளபளக்கும். நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை பிளவில்லாமல் நீட்டமாக, சொரசொரப்பாக இருக்கும். பெயரும் பூவும் பக்கத்துப் பக்கம் இருப்பதால் நர்சரிக்காரர்களே குழம்புகிறார்கள், அல்லது குழம்பின மாதிரி விற்கிறார்கள். நல்லவேளை, கடைந்து சாப்பிடுவதற்கு முன்னால் அம்மா வந்தாள். வாங்கப் போனால் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள்.

வெள்ளையை நானே வளர்த்துவிட்டேன். சந்தைக் கட்டிலிருந்து வேர் விட்ட கணு நாலு எடுத்து, ஓட்டை அடைத்த பழைய பெயிண்ட் வாளியில் வண்டல் மண் போட்டு நட்டேன். மற்ற செடிக்குத் தண்ணீர் தேங்கினால் அழுகும், இதற்குத் தேங்கினால்தான் குஷி. வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் விடாதீர்கள். ஒரு மாதத்தில் வாளி நிறைந்தது, விதை உதிர்ந்து பக்கத்து ரோஜாத் தொட்டியிலும் கறிவேப்பிலைத் தொட்டியிலும் முளைத்து, இப்போது பிடுங்குவதுதான் வேலை. எண்ணெய்க்கு ஒரு வாளி காணாது, இரண்டு வாளி வைத்தால் மாதம் ஒருமுறை கடைசலுக்கும் வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய்க்கும் வரும்.

மதிப்பெண் கேட்டால் சந்தைக் கட்டுக்கு நாலரை, தினமும் கிடைக்காததால் அரை குறைவு. தொட்டிக்கு ஐந்து. பொடிக்கு ஒன்று, அதுவும் தராசுக்காக. மல்லிகை பாட்டிலைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டுத் தூக்கிப்போடப் போனபோது வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார். மாடிக் கதவின் கீல் நாலு வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதற்கு மூன்று சொட்டு விட்டார். இன்றுவரை சத்தமே இல்லை.